நஞ்சும் நேரமும்: விஷக்கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

மார்த்தாண்டத்தில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். போன மாதம் களியக்காவிளையிலிருந்து வரும் கல்லூரிப் பையன் ஒருவன் தன் முதல் துப்பறியும் கதையைக் கொண்டுவந்தான். ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடிக்கிறார். ஒரே வாய். டம்ளர் கைநழுவுகிறது, வாயில் நுரை, உடம்பெல்லாம் நீலம், ஆள் காலி. இரண்டாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வந்து டம்ளரை முகர்ந்து பார்த்து "சயனைடு" என்கிறார். ஆறாம் பக்கத்தில் மருமகன் கைது.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான்.

"கொள்ளாம். ஆனா இதுக்கு விஷம் எதுக்குடே? ஒரு வெட்டுக்கத்தி போதுமே" என்றேன்.

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் கேலிக்குச் சொல்லவில்லை. அவன் கதையில் விஷம் செய்த வேலையை ஒரு வெட்டுக்கத்தி இன்னும் சுத்தமாகச் செய்திருக்கும். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விஷக்கதையின் உயிர் தாமதத்தில் இருக்கிறது. கத்தியால் குத்தினால் குத்திய நேரமும் செத்த நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். குத்தியவன் அந்த இடத்தில் நின்றே ஆகவேண்டும். அதனால்தான் கத்திக் கதையில் போலீஸ் முதலில் கேட்பது, "ராத்திரி பத்து மணிக்கு நீ எங்கே இருந்தாய்?" விஷக்கதையில் அந்தக் கேள்விக்குப் பத்துப் பைசா மதிப்பில்லை. கொடுக்கும் இடத்தில் இருந்தால் போதும், சாகும் இடத்தில் இருக்கவேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான உதாரணம் சொல்கிறேன். மருமகன் வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி ஷார்ஜா போய்விட்டான். மாமனார் ஞாயிற்றுக்கிழமை இறக்கிறார். கத்திக் கதையென்றால் அவன் பெயரை அப்போதே அடித்துவிடலாம். விஷக்கதையில் அவன் பெயரைத்தான் முதலில் எழுதவேண்டும். கட்டிலருகே உட்கார்ந்து வாயில் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகளை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆக, இரண்டு நேரம். நஞ்சு உள்ளே போன நேரம் ஒன்று, அது வெளியே தெரிந்த நேரம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதை நான் இடைவெளி என்று சொல்லிக்கொள்வேன். பத்து நிமிஷமாகவும் இருக்கலாம், பத்து நாளாகவும் இருக்கலாம். கொன்றவனுக்கு அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரியும். துப்பறிகிறவருக்குத் தெரியாது. அவர் பின்பக்கமாக நடந்து போய் முதல் நேரத்தைக் கண்டுபிடிக்கவேண்டும், கதை என்பது அந்த நடைதான்.

எழுதத் தொடங்கும்முன் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேலே கொலைகாரனின் கோடு: வாங்கியது, வைத்திருந்தது, கலந்தது, கிளம்பிப் போனது. கீழே மற்றவர்களின் கோடு: வயிற்றுவலி, பக்கத்து டாக்டர், ஆஸ்பத்திரி, மரணம், சந்தேகம். வாசகருக்கு நீங்கள் கீழ்க்கோட்டைத்தான் சொல்வீர்கள். மேல்கோட்டின் சில புள்ளிகளை மட்டும், அவை புள்ளிகள் என்றே தெரியாதபடி, நடுநடுவே வைத்துக்கொண்டு போவீர்கள். களியக்காவிளைப் பையனின் கதையில் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன. ஒரே வாய், ஒரே நிமிஷம். நடந்துபோக இடமே இல்லை.

ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழித்துறைக்காரர் ஒருவர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். சத்யா என்னும் கல்யாண இலைச்சாப்பாடு சாப்பிடுகிறார், இரண்டு தடவை பாயசம் வாங்குகிறார். மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் மரணம். ஊர் முழுக்க ஒரே பேச்சு: கல்யாணச் சாப்பாடு. அடப்பிரதமன் பாயசம் கெட்டுப்போயிருந்தது, அதைக் காய்ச்சிய வார்ப்புப் பாத்திரம் கழுவவில்லை, இப்படி. சம்பந்தி வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். இப்போது உங்கள் துப்பறிவாளர் வருகிறார். அவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி மிகச் சாதாரணமானது: அந்தப் பந்தியில் இருநூறு பேர் சாப்பிட்டார்கள், மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அடுத்தது: இவர் மட்டும் வாயில் போட்டது எது? தினமும் விடியற்காலை வைத்தியர் சொன்ன கஷாயம் ஒரு அவுன்ஸ். வெற்றிலைச் செல்லம். சர்க்கரை நோய் மாத்திரை. பல்செட் ஊறவைக்கும் தண்ணீர். இந்த நான்கில் ஒன்றில் கதை இருக்கிறது. கல்யாண வீடு முழுவதும் வாசகரைத் திசைதிருப்ப நீங்கள் கட்டிய பந்தல். ஆனால் பந்தலிலும் ஒரு உண்மை இருக்கவேண்டும். உதாரணமாக, பந்தியில் உட்காரும்போதே அவருக்குப் பசியில்லை, இரண்டாவது பாயசத்தை யாரோ வற்புறுத்தி ஊற்றினார்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தால், கடைசியில் வாசகர் தலையில் அடித்துக்கொள்வார். பசியில்லை என்றால் நஞ்சு ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது.

இடைவெளி இன்னொன்றும் செய்கிறது. இறந்துகொண்டிருப்பவருக்குப் பேச நேரம் கொடுக்கிறது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லையில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பாறசாலைப் பக்கத்து இளைஞன் ஒருவன், குமரி மாவட்டத்தில் இருந்த காதலியின் வீட்டில் கஷாயம் குடித்தான். களைக்கொல்லி கலந்திருந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். நடுவே மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கினார். அந்தப் பெண்மேல் அவன் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அவளைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தது. அந்த மௌனத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். துப்பறியும் கதை எழுதுகிற எவரும் அப்படி ஒரு வாக்குமூலக் காட்சியை எழுதத் துணியமாட்டார்கள், எழுதினால் நம்பும்படி இல்லை என்று நாமே அடித்துவிடுவோம்.

அந்த வழக்கில் எல்லைக்காரர்களுக்கு மட்டும் உறைக்கும் ஒரு சிக்கலும் இருந்தது. கஷாயம் குடித்தது தமிழ்நாட்டில், இறந்தது கேரளத்தில். விசாரிக்கவேண்டியது யார்? 1956 நவம்பர் 1க்கு முன் இந்தக் கேள்வியே வந்திருக்காது, இந்தப் பக்கத்து விளவங்கோடும் அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. இப்போது நடுவே ஒரு மாநில எல்லை. செயல் நடந்த இடம், விளைவு தெரிந்த இடம் இரண்டில் எதில் வேண்டுமானாலும் விசாரிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 179ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 199. கவனித்தீர்களா, சட்டமும் இரண்டு இடம், இரண்டு நேரம் என்றுதான் யோசிக்கிறது. எல்லையோரத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த வரம். களியக்காவிளை ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் பாறசாலை எஸ்.ஐ.யும் ஒரே பிணத்துக்காக முட்டிக்கொள்ளும் காட்சியை மதுரையிலும் சேலத்திலும் உட்கார்ந்து எழுதமுடியாது.

பழைய காலத்தில் இந்த இடைவெளியைக் கொலைகாரர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அதை அளக்க ஆள் இல்லை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆர்சனிக் கொலைகாரர்களுக்குப் பிடித்த பொருளாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வாரிசுப் பொடி என்றே பெயர் வைத்தார்கள். வாந்தி, பேதி, வயிற்றுப் பிடிப்பு என்று அறிகுறிகள் காலராவைப் போலவே இருக்கும். காலரா ஊருக்கு ஊர் வந்துபோகும் காலத்தில் யார் சந்தேகப்படுவார்கள்?

1833இல் இங்கிலாந்தில் ஒரு கிழவர் காப்பி குடித்து இறந்தார். பேரன்மேல் சந்தேகம். ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் காப்பியில் ஆர்சனிக் இருப்பதைச் சோதித்துக் கண்டுபிடித்தார். மஞ்சளாகப் படிந்த அந்தப் பொருளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்குள் அது கெட்டுவிட்டது. ஜூரிகள் பார்த்தார்கள், ஒன்றும் புரியவில்லை, பேரனை விட்டுவிட்டார்கள். மார்ஷுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1836இல், புதிய சோதனை ஒன்றை வெளியிட்டார். சந்தேகமான பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் வாயு கிளம்பும். ஆர்சனிக் இருந்தால் அதுவும் அந்த வாயுவோடு வரும். அந்த வாயுவைச் சூடாக்கிக் குளிர்ந்த பீங்கானில் பட வைத்தால், வெள்ளியும் கறுப்பும் கலந்த ஒரு பளபளப்பு கண்ணாடி மாதிரிப் படியும். ஜூரி கையில் எடுத்துப் பார்க்கலாம். துப்பறியும் கதையின் கடைசிக் காட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. நிபுணர் ஒருவர் நின்று அரைமணி நேரம் விளக்கினால் கதை படுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வேண்டும், பீங்கானில் படிந்த அந்தக் கறை மாதிரி.

உலோக நஞ்சு பிடிபட்டதும் கொலைகாரர்கள் செடிகொடிக்கு மாறினார்கள். பெல்ஜியத்தில் பொகார்மே என்ற பிரபு கள்ளப் பெயரில் வேதியியல் படித்து, புகையிலை பயிரிட்டு, அதிலிருந்து நிகோடினை வடித்தெடுத்து 1850இல் மைத்துனனைக் கொன்றான். உடலிலிருந்து தாவர நஞ்சைப் பிரித்தெடுக்க அன்று யாருக்கும் வழி தெரியாது என்ற தைரியம். ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் அந்த வழக்குக்காகவே வழியைக் கண்டுபிடித்தார். பிரபுவின் தலை 1851இல் உருண்டது. யாருக்கும் தெரியாத நஞ்சு என்ற நம்பிக்கையின் கதி இதுதான். கதையிலும் அந்த ஆசை வேண்டாம். ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இதுவரை கண்டுபிடிக்கப்படாத நஞ்சைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. அமேசான் காட்டுப் பழங்குடி, இமயமலை மூலிகை, பெயர் தெரியாத பாஷாணம் எல்லாம் இந்தக் கட்டளையில் அடிபடும். வாசகர் ஊகிக்க வாய்ப்பில்லாத ஒன்றை வைத்து அவரை ஏமாற்றுவதில் என்ன சாமர்த்தியம்?

சரி, தெரிந்த நஞ்சு என்றால் எது? எங்கள் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, அம்மா தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவாள். எதற்கென்று சின்ன வயதில் கேட்டால் "கசப்பு போவதுக்கு" என்பாள். சில இனம் கட்டுக் கசப்பு, அதை வாங்கவே மாட்டாள். ஆடு மரச்சீனி இலையைக் கடித்துவிட்டால் வீடே கலங்கும். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது: கிழங்கிலும் இலையிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, திசு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வாயு வெளியாகும். நறுக்குவது, வேகவைப்பது, வடிப்பது எல்லாம் அதைப் போக்கத்தான். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் பாதி வயிற்றை இதுதான் நிரப்பியது. சாளைக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிற எங்களுக்கு அது சோறு. சயனைடு என்ற பெயரைக் கேட்டால் சினிமா வில்லனின் பல்லிடுக்குக் குப்பிதான் நினைவுக்கு வரும், அம்மாவின் வடிதட்டு வராது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம்மவர்கள் சொன்னதைப் பாராசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் பதினாறாம் நூற்றாண்டில் வேறு விதமாகச் சொன்னார்: எல்லாப் பொருளும் நஞ்சுதான், அளவுதான் தீர்மானிக்கிறது. எட்டி மரத்தை எடுங்கள், எங்கள் பக்கம் காஞ்சிரம் என்போம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் காஞ்சிரகோடு என்று ஊரே இருக்கிறது. யட்சி என்னும் பேயை ஆணியடித்து நிறுத்துவது காஞ்சிரத்தில்தான். அதன் கொட்டையில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது. வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து மருந்துக்குச் சேர்ப்பார்கள். கதை எழுதுகிறவருக்கு இங்கே முக்கியம் அதன் கசப்பு. நாக்கில் பட்டதும் தெரிந்துவிடும். எனவே அதைக் கொண்டு எழுதுகிறவர், கசப்பை எதிர்பார்த்தே குடிக்கும் ஒரு பானத்தைத் தேடவேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் கஷாயம் அந்த இடத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நஞ்சின் குணத்திலிருந்து பாத்திரத்தின் பழக்கம் பிறக்கிறது, பழக்கத்திலிருந்து கதையின் காலை வேளை பிறக்கிறது.

ரப்பர்க்காரர்களின் ஆசிட் இதற்கு நேர் எதிர். பாலை உறைய வைக்க ஷெட்டில் வைத்திருக்கும் ஃபார்மிக் ஆசிட்டைக் கதையில் ரகசிய நஞ்சாக ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் ரப்பர் ஷெட்டுக்குள் தலையை நீட்டியதே இல்லை என்று தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும். யாருக்கும் தெரியாமல் யார் வாயிலும் அது போகாது.

அடுத்து, கைக்கு எட்டுவது. இந்த நஞ்சு யாரிடம் இருக்கமுடியும் என்பதுதான் சந்தேகப் பட்டியலைக் கட்டுகிறது. பூச்சிமருந்துப் புட்டியின் லேபிளைப் பார்த்திருப்பீர்கள், சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம், கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். வாழைத்தோப்பில் கிழிந்து கிடக்கும் ஒரு லேபிளின் நிறம் ஒரு அத்தியாயத்துக்குப் போதும். அரளிப் பூவையும் யோசியுங்கள். தோவாளைச் சந்தையில் கிலோக்கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள், மாலையில் கட்டுகிறார்கள். 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நடத்தும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நச்சுத்தன்மை காரணமாக, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று நிறுத்தியது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரசாதம் கொடுக்கும் வாழையிலைத் துண்டிலிருந்து இறங்கிவிட்ட பூ, இந்தப் பக்கம் சாமி கழுத்தில் இருக்கிறது. எல்லோர் கண்முன்னும் இருப்பதால் யாரும் பார்க்காத பொருள் என்றால் இதுதான்.

விஷம் பெண்களின் ஆயுதம் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அதை நம்பி எழுதினால் உங்கள் கொலைகாரியை மூன்றாம் பக்கத்திலேயே வாசகர் பிடித்துவிடுவார். அடுக்களை யார் கையில் இருக்கிறதோ அவர்மேல் சந்தேகம் விழுகிறது, அவ்வளவுதான். பொகார்மே பிரபு அடுக்களைக்காரனா?

இதில் ஆசான் என்றால் அகதா கிறிஸ்டி. முதல் உலகப்போரின்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தார், 1917இல் அதற்கான தேர்விலும் தேறினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த மருந்தாளர் சட்டைப்பையில் கியூராரி என்னும் கொடிய நஞ்சின் கட்டி ஒன்றை வைத்துக்கொண்டே திரிந்தாராம், அது பலசாலி என்ற உணர்வைத் தருகிறது என்று. அதே ஆள் ஒருநாள் மருந்தில் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் பத்து மடங்கு சேர்த்துவிட்டார். சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று, கிறிஸ்டி தடுக்கி விழுந்ததுபோல் நடித்து அந்த மருந்தைத் தட்டிவிட்டுக் காலில் மிதித்து அழித்தார். 1961இல் அவர் எழுதிய ஒரு நாவலில் தாலியம் என்னும் நஞ்சின் அறிகுறிகளைத் துல்லியமாக விவரித்திருந்தார், முடி உதிர்வது உட்பட. 1977இல் கத்தார் நாட்டிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவந்த குழந்தை ஒன்றுக்கு என்ன நோய் என்று டாக்டர்கள் திணறியபோது, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் தாலியமாக இருக்கலாம் என்றார். அதுவாகவே இருந்தது. குழந்தை பிழைத்தது. அறிகுறிகளைச் சரியாக எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அறிகுறி என்றதும் நீலத்துக்கு வருகிறேன். ஆலகாலம் உண்ட சிவனுக்குக் கண்டம் நீலமானதிலிருந்து நமக்கு நஞ்சென்றால் நீலம். பையனும் அதைத்தான் எழுதினான். சயனைடில் உடல் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும், தோலில் தெரியும் கறை சிவந்திருக்கும். டம்ளரை முகரும் இன்ஸ்பெக்டருக்கு வேறு ஆபத்துகளும் உண்டு, சயனைடின் வாசனையைச் சிலருடைய மூக்கு பிறவியிலேயே பிடிக்காது. பாலில் பாம்பு விஷம் கலப்பது இன்னொரு பழைய தப்பு. பாம்பு விஷம் பெரும்பாலும் புரதம். இரத்தத்தில் போனால்தான் அது வேலை செய்யும். வயிற்றுக்குள் போனால் சாப்பாட்டோடு சாப்பாடாகச் செரிக்கப் பார்க்கும். செங்கோட்டை தாண்டி அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டம் அஞ்சலில் 2020இல் ஒரு பெண் பாம்புக் கடியில் இறந்தபோது, கணவனே பாம்பைக் கடிக்க வைத்தான் என்று அடுத்த வருஷம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சந்தேகம் கிளம்பியது நஞ்சைப் பார்த்து இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவளை வேறொரு பாம்பு கடித்திருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவையா? மறுபடியும் தேதிதான் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே கேரளத்து விஷவைத்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடிபட்டவரைப் பார்க்கும் முன்பே, சேதி சொல்ல ஓடிவந்தவனை அவர்கள் கவனிப்பார்கள். எங்கே நிற்கிறான், என்ன சொல்லி ஆரம்பிக்கிறான், எதைத் தொடுகிறான் என்று பார்த்துக் குறி சொல்வார்கள். தூத லட்சணம் என்று பெயர். மருத்துவமாக அதை நம்பவேண்டியதில்லை. ஆனால் சேதி கொண்டுவருகிறவனை உற்றுப் பார்க்கும் பழக்கம் துப்பறிவாளருக்கு இருந்தால் நல்லது.

ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்க்கும் அபத்தம் தானாக விழுந்துவிடும். மரணத்தில் சந்தேகம் என்றால் போலீஸ் முதலில் சந்தேக மரணமாகப் பதிவு செய்யும். 2024 ஜூலைக்கு முந்தைய கதையென்றால் பழைய நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, பிறகென்றால் புதிய சட்டத்தின் 194. பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளை எடுத்து, இனிமேல் உப்பு கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் பாட்டிலில் போட்டு முத்திரை வைப்பார்கள். நெல்லிக்காய் உப்பிலிட்டதை நினைத்துக்கொள்ளாதீர்கள், நான் ஒருமுறை நினைத்துவிட்டு மாதக்கணக்கில் அதைத் தொடவில்லை. உடல்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடமாட்டார்கள், அது பல நஞ்சுகளைத் தேடும் சோதனையைக் கெடுக்கும். போலீஸ்காரர்கள் பேச்சில் இது விஸ்ரா. என்ன தேடுவது என்று ஒரு ஊகமும் இல்லாமல் வந்த பாட்டில் ஆய்வகத்தில் இழுத்துக்கொண்டே போகும். வாந்தியா வலிப்பா மயக்கமா என்று டாக்டர் எழுதிய குறிப்பு துணை செய்யும். இந்த வேலைக்கென்று இந்தியாவில் முதல் ரசாயன ஆய்வகம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1849இல். அறிக்கை வரும்வரை உங்கள் துப்பறிவாளர் கையில் ஒன்றும் இல்லாமல் ஆட்களிடம் பேசிக்கொண்டு அலையவேண்டும். கதைக்கு நல்லது. அறிக்கை சீக்கிரம் வந்துவிட்டால் பேசுவதற்கு யாரும் இல்லை.

கடைசியாக ஒரு கட்டுப்பாடு. கதையில் அளவு எழுதவேண்டாம், எப்படித் தயாரிப்பது என்று எழுதவேண்டாம். எங்கள் ஊர்களில் நஞ்சு என்றதும் கொலை நினைவுக்கு வருவதில்லை. கடன் தொல்லையிலும் காதல் தோல்வியிலும் போன பிள்ளைகளின் முகம்தான் வரும். அந்த வீடுகளில் உங்கள் கதையைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுத்துக்கும் இதில் நஷ்டம் இல்லை. எத்தனை மில்லி என்று தெரிந்துகொண்டு எந்த வாசகரும் பக்கம் திருப்புவதில்லை. கஷாயக் கிண்ணத்தை அன்று கழுவிவைத்தது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் திருப்புகிறார்.

இந்த மாதம் பையன் திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். முதல் வரியே மாறியிருந்தது. தோட்டக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, மகள் கொண்டுவந்த கட்டன்சாயாவைத் தள்ளிவைத்து, "இன்னைக்கு வேண்டாம் மக்ளே, ரெண்டு நாளா வயிறு சரியில்ல" என்கிறார். அப்படியே டம்ளர் ஆறிப்போய் ஆடை படிந்து கிடக்கிறது. மருமகன் ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணுகிறான். எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று மட்டும் இடித்தது.

"கட்டன்சாயாவில ஏதுடே ஆடை? பாலே கிடையாதே" என்றேன்.

அவன் தாளைத் திருப்பி ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினான். "அதை அந்த எஸ்.ஐ. இப்பதாண்ணே கேக்கப் போறாரு."